கத்தி பட்டா பரவிடுமா? எலும்புக் கட்டி ஒப்பரேஷனை முதல்ல இருந்து விளங்கிக்கொள்ளுவம்

"கட்டியில கத்தி பட்டா அது உடம்பெல்லாம் பரவிடும்." கொழும்பில இருக்கிற தமிழ் ஆக்கள் இந்த வசனத்தை ஒருக்காவது கேக்காம இருந்திருக்க ஏலாது. வெள்ளவத்தை எண்டாலும் கொட்டாஞ்சேனை எண்டாலும் ஒரே கதைதான், யாருக்காவது கால் எலும்பில கட்டி எண்டு ரிப்போட் வந்தா டொக்டர் சொல்லி முடிக்க முதலே சொந்தக்காரர் நாலு பேர் கோல் எடுத்து "என்ன செஞ்சாலும் ஒப்பரேஷனுக்கு மட்டும் ஓம் சொல்லிப்போடாதீங்கோ" எண்டுவாங்க. இன்னொரு கூட்டம் அதுக்கு நேர் எதிர்ப்பக்கம், "எலும்பில கேன்சரா, அப்ப காலை எடுக்கிறதுதானே, வேற என்ன வழி" எண்டு முடிவே கட்டிடும்.

ரெண்டும் பிழை. ஆனா முதல் கதைக்குள்ள ஒரு துளி உண்மை இருக்கு, அந்தத் துளியை ஒருத்தரும் ஒழுங்கா பிரிச்சுச் சொல்லுறதில்ல, அதாலதான் இவ்வளவு குழப்பமும். கத்தி கேன்சரைப் பரப்புறதில்ல. ஆனா பிளான் இல்லாம, பிழையான இடத்தில வைக்கிற கத்தி, காப்பாத்தக்கூடிய ஒரு காலை இழக்க வைக்கும். இந்த ரெண்டு வசனத்துக்கும் நடுவில இருக்கிற தூரத்தைத்தான் கீழ எழுதியிருக்கிறன். டொக்டர் கிளினிக்கில அஞ்சு நிமிஷத்தில சொல்லி முடிக்கிறதை வீட்டை வந்து ஆறுதலா விளங்கிக்கொள்ள இது உதவும், டொக்டருக்குப் பதிலா வாசிக்கிறதுக்கு இல்ல.

எலும்பில வாற கட்டி எல்லாம் கேன்சர் இல்ல

எலும்பு உயிரில்லாத சாமான் எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அப்பிடி இல்ல, அதுக்குள்ள இரத்தம் ஓடுது, பழைய எலும்பைக் கரைச்சு புது எலும்பைக் கட்டுற கலங்கள் ஒவ்வொரு நாளும் வேலை செய்யுது. அந்தக் கலங்கள்ல ஏதோ ஒண்டு கட்டுப்பாடு இல்லாம பெருகத் தொடங்கினா வாறதுதான் கட்டி. அது எப்பிடிப் பெருகுது, எவ்வளவு தூரம் போகுது எண்டதிலதான் எல்லா வித்தியாசமும் இருக்கு.

முதல் வகை சாதுவான கட்டி. இருக்கிற இடத்தில மட்டும் இருக்கும், நுரையீரலுக்கோ வேற உறுப்புக்கோ போறது சரியான அரிது. இதில ஆகக் கூட வாறது ஒஸ்டியோகொண்ட்ரோமா, அதாவது வளருற வயசில எலும்பிட ஓரத்தில இருந்து வெளியால தள்ளி வளருற, மேல குருத்தெலும்பு மூடின ஒரு எலும்புப் புடைப்பு. பிள்ளை வளர்ந்து முடிய அதுவும் நிண்டுடும். நோ இல்லாட்டி, நரம்பை அமுக்காட்டி, அதை ஒண்டும் செய்யத் தேவையில்ல, இடைக்கிடை பாத்தா போதும். இப்பிடி ஒண்டுக்காக குடும்பமே சாப்பாடு தண்ணி இல்லாம அழுத கதைகளும் இருக்கு.

ரெண்டாவது, எலும்பிலயே பிறக்கிற கேன்சர். ஒஸ்டியோசார்கோமா, யூவிங் சார்கோமா, கொண்ட்ரோசார்கோமா எண்ட மூணும் முக்கியமானது. சார்கோமா எண்டா எலும்பு, தசை, கொழுப்பு மாதிரி உடம்பைத் தாங்குற பகுதிகள்ல வாற கேன்சர். இது சரியான அரிது, எல்லாக் கேன்சரையும் சேத்துப் பாத்தா நூத்துக்கு ஒண்டு கூட வராது. ஆனா வாற வயசுதான் கொடுமை. ஒஸ்டியோசார்கோமாவும் யூவிங்கும் பெரும்பாலும் பத்து வயசுக்கும் இருபதுகளுக்கும் இடையில வருது, ஒஸ்டியோசார்கோமா அரைவாசிக்கு மேல முழங்காலைச் சுத்தின எலும்புகள்ல வருது, ஏனெண்டா உடம்பிலயே வேகமா வளருற இடம் அதுதான். கொண்ட்ரோசார்கோமா நடுத்தர வயசுக்கு மேல வாற ஒண்டு.

மூணாவது வகைதான் பெரியாக்கள்ல ஆகக் கூட. மார்பு, நுரையீரல், புரொஸ்டேட், சிறுநீரகம், தைரொய்ட் எண்ட இடங்கள்ல தொடங்கின கேன்சர் எலும்புக்கு வந்து குடியேறுறது. அது எலும்புக் கேன்சர் இல்ல, எலும்புக்கு வந்த மார்புக் கேன்சர், எலும்புக்கு வந்த நுரையீரல் கேன்சர். வைத்தியமும் வேற, ஒப்பரேஷனிட நோக்கமும் வேற, அதைப் பிறகு பாப்பம்.

இதில ஒரு விஷயம் சொல்லாம விட மனமில்ல. விளையாடுற வயசுப் பிள்ளை முழங்கால் நோகுது எண்டா "கிரிக்கெட் விளையாடி அடிபட்டிருக்கும்" எண்டு முறிவு நெறிவு வைத்தியரிட்ட கூட்டிக்கொண்டு போய் எண்ணெய் போட்டு உருவி, துணி சுத்தி, ரெண்டு மூணு மாசம் போக்கிடுறாங்க. சுளுக்குக்கு அது சரியா இருக்கலாம், அந்தச் சண்டைக்கு நான் வரேல்ல. ஆனா இராவில நித்திரையால எழுப்புற நோ, ஓய்வா இருந்தாலும் போகாத நோ, கிழமைக்குக் கிழமை கூடுற வீக்கம், சின்ன விழுகைக்கே முறியுற எலும்பு, இதில ஒண்டு இருந்தாலும் முதல்ல ஒரு எக்ஸ்ரே. கட்டி இருக்கிற இடத்தை உருவுறதால நல்லது ஒண்டும் நடக்காது, நாள் மட்டும் போகும்.

இவ்வளவும் சுருக்கமா: கட்டி எண்டா கேன்சர் எண்டு அர்த்தம் இல்ல, எலும்பில பிறந்ததா, வேற இடத்தில இருந்து வந்ததா எண்டு தெரியாம ஒப்பரேஷனைப் பத்திக் கதைக்கிறதில பிரயோசனம் இல்ல.

கத்திக்கு முதல் ஊசி

எக்ஸ்ரேயில சந்தேகம் வந்தா அடுத்தது எம்ஆர்ஐ. கட்டி இருக்கிற இடத்தை மட்டும் இல்லாம அந்த எலும்பை முழுசா எடுக்கச் சொல்லுவாங்க, ஏனெண்டா அதே எலும்பில கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்னக் கட்டி ஒளிச்சிருக்கலாம். நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்கிறது நுரையீரலைப் பாக்க, எலும்புக் கேன்சர் பரவினா முதல்ல போற இடம் பெரும்பாலும் அதுதான். "காலில கட்டிக்கு ஏன் நெஞ்சை ஸ்கேன் பண்ணுறாங்க, காசு புடுங்கவா" எண்டு கேக்கிறவங்களுக்கு பதில் அவ்வளவுதான்.

பிறகு பயொப்சி, அதாவது கட்டியில இருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து மைக்ரஸ்கோப்பில பாக்கிறது. பெரும்பாலும் ஒரு தடிச்ச ஊசியால எடுப்பாங்க. நான் முதல்ல சொன்ன அந்தத் துளி உண்மை இங்கதான் இருக்கு.

ஊசியோ கத்தியோ கட்டிக்குள்ள போய் வெளியால வாற பாதையில கொஞ்சக் கட்டிக் கலங்கள் ஒட்டிக்கொண்டு நிக்கலாம். அது உடம்பெல்லாம் ஓடிப் பரவுற கதை இல்ல, அந்தப் பாதையிலயே இருந்து பிறகு திரும்ப முளைக்கலாம் எண்டதுதான் பயம். அதால கடைசி ஒப்பரேஷன்ல கட்டியோட சேத்து அந்தப் பாதையையும், தோலில இருக்கிற தழும்பையும், ஒரே துண்டா எடுக்கிறதுதான் வழமையான முறை. அப்ப பயொப்சி செய்யுற ஆள், நாளைக்கு பெரிய ஒப்பரேஷன்ல எந்த இடத்தால வெட்டுவாங்க எண்டதை இண்டைக்கே தெரிஞ்சு அந்தக் கோட்டிலயே ஊசி குத்தவேணும். காலில, கையில எண்டா வெட்டு நீளப்பாட்டுக்கு இருக்கவேணும், குறுக்கால வெட்டினா பிறகு எடுக்க வேண்டிய தசையிட அளவு கூடிடும். முக்கியமான நரம்பு, இரத்தக் குழாய்க்குப் பக்கத்தால குத்தினா அதையும் சேத்து எடுக்க வேண்டி வரலாம், அப்ப காலைக் காப்பாத்துறது கஷ்டம்.

இது சும்மா சொல்லுற பயமுறுத்தல் இல்ல. 1982ல அமெரிக்காவில 329 நோயாளிகளிட பயொப்சிகளைச் சேத்து ஆராய்ஞ்ச ஒரு வேலை வெளிவந்தது, அதில 4.5 வீதம் பேருக்கு பயொப்சி பிழைச்சதாலயே, மற்றப்படி தேவையில்லாத அவயவம் அகற்றல் நடந்திருந்தது. பிறகு வைத்தியம் செய்யப் போற சிறப்பு நிலையத்தில செஞ்சதை விட, அனுப்பி வச்ச இடத்தில செஞ்ச பயொப்சிகள்ல இந்தப் பிரச்சினைகள் பல மடங்கு கூட. 1996ல அதே மாதிரித் திரும்பச் செஞ்சு பாத்தப்பவும் நிலைமை பெரிசா மாறியிருக்கேல்ல.

இதை விட மோசம், "சின்னக் கட்டிதானே" எண்டு ஸ்கேனும் இல்லாம பயொப்சியும் இல்லாம நேர வெட்டி எடுத்துப்போட்டு, ரிப்போட்டில கேன்சர் எண்டு வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது. என்னைக் கேட்டா எங்கட ஆக்கள் பயப்பட வேண்டிய கத்தி இதுதான்.

சுருக்கமா: பயொப்சி ஆபத்தில்ல, அது இல்லாம வைத்தியமே தொடங்க ஏலாது. ஆனா கடைசி ஒப்பரேஷனைச் செய்யப்போற டீமே அதைச் செய்யவேணும், அல்லது அவங்களோட கதைச்சிட்டு செய்யவேணும்.

கறையான் பிடிச்ச வளை

இப்ப ஒப்பரேஷனுக்கு வருவம். பழைய ஓட்டு வீட்டுக் கூரையில ஒரு வளையில கறையான் பிடிச்சிருக்கு எண்டு வைங்க. வெளியில பாத்தா ஒரு முழ நீளத்துக்குத்தான் அரிச்சிருக்கு. வேலை தெரிஞ்ச பாஸ் அந்த ஒரு முழத்தை மட்டும் அளந்து வெட்டமாட்டார், கண்ணுக்குத் தெரியாம உள்ளால இன்னும் கொஞ்சத் தூரம் போயிருக்கும் எண்டு அவருக்குத் தெரியும், அதால ரெண்டு பக்கமும் நல்ல மரத்தில கொஞ்சம் தள்ளித்தான் வாள் வைப்பார். அரிச்ச இடத்தில வாள் பட்டா கறையான் மிச்ச மரத்தில தங்கிடும். வெட்டி எடுத்தா மட்டும் வேலை முடியாது, கூரை கீழ வராம அந்த இடைவெளிக்கு வேற மரமோ இரும்போ போட்டு பாரத்தைத் தாங்கப் பண்ணவேணும்.

எலும்புக் கேன்சர் ஒப்பரேஷனும் இந்த ரெண்டு வேலைதான், தள்ளி வெட்டுறது, பிறகு பாரம் தாங்கக் கட்டுறது. கட்டியைச் சுத்தி அதோட சேத்து எடுக்கிற நல்ல எலும்பு, நல்ல தசை எண்ட அந்த உறைக்கு மார்ஜின் எண்டு பேர். எம்ஆர்ஐயில கட்டி முடியுற இடத்தில இருந்து பொதுவா 2-3 சென்டிமீட்டர் தள்ளி எலும்பை வெட்டுவாங்க. சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியைக் கண்ணால காணவே கூடாது, நல்ல தசை மூடின ஒரு பொதியா அது வெளியால வரவேணும், கட்டி தெரிஞ்சா எங்கயோ பிழைச்சிட்டுது எண்டு அர்த்தம். எடுத்ததை பத்தொலொஜி ஆய்வுகூடத்துக்கு அனுப்பி விளிம்பில கட்டிக் கலம் இருக்கா எண்டு பாப்பாங்க. ரிப்போட்டில மார்ஜின் நெகட்டிவ் எண்டு வந்தா விளிம்பு சுத்தம், அது நல்ல செய்தி. "நெகட்டிவ்" எண்டதைக் கண்டு வீட்டில அழத் தேவையில்ல.

கறையானோட உள்ள ஒப்பீடு இந்த இடம் வரைக்கும்தான் சரி. கறையான் வெளியில இருந்து வாறது, கட்டி எங்கட சொந்தக் கலம்தான், அது இரத்தத்தில ஏறி தூர இடத்துக்கும் போகும். அதுக்கு வாள் காணாது.

சாதுவான கட்டிகளுக்கு இவ்வளவு தூரம் தள்ளி வெட்டத் தேவையில்ல. அதுக்கு வேற முறை, கியூரெட்டாஜ், அதாவது எலும்பில ஒரு ஜன்னல் திறந்து உள்ளுக்கு இருக்கிற கட்டியைச் சுரண்டி எடுக்கிறது. இதுக்கு நல்ல உதாரணம் ஜயன்ட் செல் டியூமர், இருபது தொடக்கம் நாப்பது வயசு ஆக்களுக்கு பெரும்பாலும் முழங்காலுக்குக் கிட்ட எலும்பிட நுனியில வாற கட்டி. இது கேன்சர் இல்ல, ஆனா எலும்பைத் தின்னும், வெறுமன சுரண்டி விட்டா திரும்ப வாற குணம் கூட. அதால சுரண்டின பிறகு வேகமாச் சுத்துற ட்ரில்லால சுவரை இன்னும் கொஞ்சம் கடைஞ்சு, பீனோல் மாதிரி ஒரு இரசாயனத்தால கழுவி, குழியை எலும்புச் சீமெந்தால நிரப்புவாங்க. அந்தச் சீமெந்து இறுகைக்க சூடாகும், அந்தச் சூடு மிச்சம் மீதி இருக்கிற கலங்களைக் கொல்ல உதவுது. இன்னொரு நன்மையும் இருக்கு, சீமெந்து எக்ஸ்ரேயில வெள்ளையாத் தெரியும், பிறகு கட்டி திரும்ப வந்தா அந்த வெள்ளைக்குப் பக்கத்தில கறுப்பாத் தெரியும், வேளைக்கே பிடிச்சிடலாம். எலும்பு வைத்தியத்தில எனக்கு ஆகப் பிடிச்ச கெட்டித்தனம் இதுதான்.

சில கட்டிக்கு கத்தியே தேவையில்ல. ஒஸ்டியோயிட் ஒஸ்டியோமா எண்டு ஒண்டரை, ரெண்டு சென்டிமீட்டருக்கும் குறைஞ்ச ஒரு கட்டி இருக்கு, இராவில கடுமையா நோகும், அஸ்பிரின் போட்டா அதிசயமாக் குறையும். சிடி ஸ்கேனில பாத்துப் பாத்து ஒரு ஊசியை நடுவில கொண்டுபோய் 90 பாகை அளவுக்கு சில நிமிஷம் சூடாக்கிக் கருக்கிடுவாங்க, பெரும்பாலான ஆக்கள் அடுத்த நாளே வீட்டை போயிடலாம்.

மருந்து ஏன் கத்திக்கு முதல்

"கேன்சர் எண்டு தெரிஞ்சும் உடன வெட்டாம ரெண்டரை மாசம் ஊசி ஏத்துறாங்க" எண்டு கோவப்படுற பெற்றோர் கனபேர். ஒஸ்டியோசார்கோமாவுக்கும் யூவிங்குக்கும் முதல்ல கீமோதெரபி குடுக்கிறதுதான் வழமை, அதாவது இரத்தத்தோட உடம்பு முழுக்கப் போய் வேகமாப் பெருகுற கலங்களைக் கொல்லுற மருந்து. ஒஸ்டியோசார்கோமாவுக்கு மெதொட்ரெக்சேட், டொக்சோரூபிசின், சிஸ்பிளட்டின் எண்ட மூண்டு மருந்துதான் அடிப்படை. ஏறக்குறைய பத்துக் கிழமை மருந்து, பிறகு ஒப்பரேஷன், பிறகு திரும்ப மருந்து.

1970களுக்கு முதல் இந்த மருந்துகள் இல்லாத காலத்தில டொக்டர்மார் செஞ்சது ஒண்டுதான், தெரிஞ்ச உடன காலை எடுக்கிறது. அப்பிடி உடன எடுத்தும் அஞ்சு பேரில ஒருத்தர் கூட முழுசாத் தப்பேல்ல. பிறகுதான் காரணம் விளங்கினது. நோ எண்டு வந்து எக்ஸ்ரே எடுக்கிற அந்த நாளிலயே, ஸ்கேனில தெரியாத அளவு சின்னச் சின்னக் கட்டிகள் பெரும்பாலான நோயாளிகளிட நுரையீரலில ஏற்கனவே விழுந்து கிடந்திருக்கு. காலை எடுத்து ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள்ள அது வளர்ந்து வெளிய தெரியும். பாத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு என்ன தோணும்? "நல்லா இருந்த பிள்ளை, கத்தி வச்சாங்க, பரவிட்டுது." கத்திக்கு முதலே போன கலங்களிட பழி கத்தியில விழுந்திட்டுது. இந்த நம்பிக்கை எங்கட ஊருக்கு மட்டும் உரியது இல்ல, அமெரிக்காவிலயும் இதே கதை சொல்லுற ஆக்கள் இருக்கிறாங்க, ஏனெண்டா எல்லா இடத்திலயும் ஆக்கள் கண்டது இதே காட்சியைத்தான்.

கனடாக்காரப் பெடியன் டெரி ஃபொக்ஸை கனபேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1977ல 18 வயசில ஒஸ்டியோசார்கோமாவால வலது கால் முழங்காலுக்கு மேல எடுத்தாங்க. 1980ல செயற்கைக் காலோட கேன்சர் ஆராய்ச்சிக்குக் காசு சேக்க கனடாவைக் குறுக்கால ஓடத் தொடங்கி 143 நாள்ல 5,373 கிலோமீட்டர் ஓடினார், நுரையீரலில திரும்ப வந்து ஓட்டத்தை நிப்பாட்ட வேண்டி வந்தது, 1981 ஜூன்ல இறந்துட்டார். கால் எடுத்து மூண்டு வருஷத்துக்குப் பிறகும் நுரையீரலில தெரியுது எண்டா இந்த நோயிட ஒளிச்சிருக்கிற குணம் எப்பிடி எண்டு பாருங்க.

மருந்து முதல்ல எண்ட முறை வந்த கதையும் சுவாரசியமானது. 1970கள்ல நியூயோர்க்கில காலை எடுக்காம உலோக எலும்பு வைக்கத் தொடங்கினப்ப, ஒவ்வொரு நோயாளிக்கும் அளவெடுத்து அதைச் செஞ்சு வர ரெண்டு மூண்டு மாசம் பிடிச்சது. அதுவரைக்கும் சும்மா இருக்கவா எண்டு கீமோவைத் தொடங்கினாங்க. அதில இன்னொரு பிரயோசனமும் தெரியவந்தது, எடுத்த கட்டியை மைக்ரஸ்கோப்பில பாத்தா மருந்து எவ்வளவு கலத்தைச் சாகடிச்சிருக்கு எண்டு எண்ணலாம். 90 வீதமோ அதுக்கு மேலயோ செத்திருந்தா மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு எண்டு இண்டைக்கும் கணக்கெடுக்கிறாங்க. கட்டியிட ஓரம் இறுகி, வெட்டுறதும் பல வேளை லேசாகுது. இப்ப, பரவாத நிலையில கண்டுபிடிச்ச ஒஸ்டியோசார்கோமாவில 60-70 வீதம் பேர் அஞ்சு வருஷத்தைத் தாண்டுறாங்க.

யூவிங்குக்கு ரேடியேஷனும் வேலை செய்யும், ஒப்பரேஷன் செய்ய ஏலாத இடத்தில அது கை குடுக்கும். கொண்ட்ரோசார்கோமா வேற மாதிரி, வழமையான வகைக்கு கீமோவும் பெரிசா பிடிக்காது ரேடியேஷனும் பெரிசா பிடிக்காது, அங்க எல்லாமே கத்தியில தங்கியிருக்கு. அந்த நோயாளிட்ட போய் "கத்தி வைக்காதீங்கோ" எண்டு சொல்லுறது, இருக்கிற ஒரே வழியை மூடச் சொல்லுறது.

சுருக்கமா: கத்தி கண்ணுக்குத் தெரியுற கட்டிக்கு, கீமோ கண்ணுக்குத் தெரியாததுக்கு. ஒஸ்டியோசார்கோமாவில ஒண்டை மட்டும் செஞ்சா காணாது.

வெட்டின இடத்தை என்னத்தால நிரப்புறது

காலைக் காப்பாத்திச் செய்யுற ஒப்பரேஷனுக்கு லிம்ப் சல்வேஜ் எண்டு சொல்லுவாங்க. வசதியுள்ள பெரிய நிலையங்கள்ல இப்ப பத்துப் பேரில எட்டு ஒம்பது பேருக்கு இது சாத்தியம். ஆகக் கூடப் பாவிக்கிறது உள்ளுக்கு வைக்கிற உலோக மூட்டு, எடுத்த எலும்பிட நீளத்துக்கு உலோகத் தண்டும் அதோட முழங்கால் மூட்டும் சேந்தது. நல்லது என்னெண்டா கெதியா நடக்கலாம். கெட்டது என்னெண்டா கிருமி பிடிக்கலாம், வருஷங்கள் போகப் போக தளரலாம், தேயலாம். பதினஞ்சு வயசில வச்ச மூட்டு அறுபது வயசு மட்டும் அப்பிடியே ஓடும் எண்டு எதிர்பாக்கக் கூடாது, ஒருக்காவோ ரெண்டுக்காவோ மாத்த வேண்டி வரும், இதை முதலே சொல்லாட்டி பிறகு "ஒப்பரேஷன் பிழைச்சிட்டுது" எண்டு நினைச்சிடுவாங்க.

உலோகம் வேணாம் எண்டாலோ கிடைக்காட்டியோ எலும்பாலயே நிரப்பலாம். முழங்காலுக்குக் கீழ பாரம் பெரிசாத் தாங்காத ஒரு மெல்லிய எலும்பு இருக்கு, பிபியூலா, அதை இரத்தக் குழாயோட எடுத்து இங்க வச்சுத் தைக்கலாம். இறந்த ஆக்கள் தானம் செஞ்ச எலும்பை சேமிப்பில இருந்து எடுத்தும் வைக்கிறாங்க. இன்னொரு முறை கேக்கவே அதிசயமா இருக்கும், நோயாளிட வெட்டின அதே எலும்பில இருந்து கட்டியைச் சுரண்டிப்போட்டு, மைனஸ் 196 பாகை குளிர் உள்ள திரவ நைட்ரஜன்ல இருபது நிமிஷம் போட்டு, அல்லது கடுமையான ரேடியேஷன் குடுத்து, எல்லாக் கலத்தையும் சாகடிச்சிட்டு அதையே திரும்பப் பொருத்துறது. அளவு பிசகாது, உலோகத்துக்குச் செலவழிக்கிற காசும் மிச்சம். நைட்ரஜன் முறை ஜப்பான்ல வளர்ந்தது, ஆசியாவில இந்த மாதிரி முறைகள் கூடப் பரவினதுக்கு விலையும் ஒரு காரணம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேற தலையிடி. முழங்காலுக்குக் கிட்ட எலும்பு வளருற தட்டு இருக்கு, கட்டியோட அதுவும் போயிடும், மற்றக் கால் வளரும், இது வளராது. அதுக்கு நீட்டக்கூடிய உலோக மூட்டு இருக்கு, புது வகையள்ல வெளியில இருந்து காந்தத்தால நீட்டலாம், திரும்ப வெட்டத் தேவையில்ல. விலையைக் கேட்டா தலை சுத்தும்.

ரொட்டேஷன்பிளாஸ்டி எண்ட ஒண்டையும் சொல்லத்தான் வேணும், படத்தை முதல் தரம் பாக்கிற ஆக்கள் பயப்பிடுவாங்க. முழங்காலைச் சுத்தின கட்டிப் பகுதியை முழுசா எடுத்திட்டு, நரம்பைக் காப்பாத்தி, கீழ்க்காலை 180 பாகை திருப்பி தொடையோட பொருத்துறது. குதிக்கால் முன்னுக்கு, விரல் பின்னுக்கு. அப்ப கணுக்கால் மூட்டு முழங்கால் மூட்டிட வேலையைச் செய்யும், பாதத்தில செயற்கைக் காலை மாட்டி ஓடலாம், பந்தடிக்கலாம். 1920கள்ல ஜெர்மனியில வேற நோய்க்கு தொடங்கின இந்த முறையை 1970கள்ல வியன்னாவில ஒஸ்டியோசார்கோமாவுக்குப் பாவிச்சாங்க. பாக்க ஒரு மாதிரி இருந்தாலும் துடியான பிள்ளைகளுக்கு இது உலோக மூட்டை விட நல்லா ஒத்துவரும், தளருறதுக்கு உள்ளுக்கு ஒண்டும் இல்லையே. சனம் என்ன சொல்லும் எண்ட பயத்திலயே வேணாம் எண்டு சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்ல, முடிவு பிள்ளையோட கதைச்சு எடுக்க வேண்டியது.

காலை எடுக்கத்தான் வேணும் எண்டா

முக்கிய நரம்பும் இரத்தக் குழாயும் கட்டிக்குள்ள மாட்டியிருந்தா, கடுமையாக் கிருமி பிடிச்சிருந்தா, அல்லது காலை வச்சுக்கொண்டு சுத்தமான மார்ஜின் எடுக்க ஏலாது எண்டா, அப்பதான் அவயவம் அகற்றல். கட்டி இருக்கிற எலும்பு முறிஞ்சிட்டா கட்டாயம் எடுக்கத்தான் வேணும் எண்டு ஒரு காலம் இருந்தது, இப்ப அப்பிடி இல்ல, மருந்துக்கு நல்லாக் கேட்டா முறிஞ்ச காலையும் காப்பாத்துறாங்க.

ஆக்கள் கேக்கிற பெரிய கேள்வி, காலை வச்சிருந்தா உயிருக்கு ஆபத்துக் கூடவா எண்டது. மார்ஜின் சுத்தமா எடுக்க ஏலுற நோயாளிகளில ரெண்டு முறைக்கும் உயிர் தப்புற வீதம் ஏறக்குறைய ஒண்டுதான், 1980கள்ல இருந்தே ஒப்பிட்டுப் பாத்த விஷயம் இது. அதே இடத்தில திரும்ப முளைக்கிறது மட்டும் லிம்ப் சல்வேஜில கொஞ்சம் கூட. அதால மற்றப் பக்கமும் சொல்லவேணும், மார்ஜின் வராது எண்டு தெரிஞ்சும் "எப்பிடியாவது காலை மட்டும் வச்சுத் தாங்க டொக்டர்" எண்டு நெருக்கக் கூடாது.

வேற இடத்தில இருந்து வந்த கட்டிக்கு

பெரியாக்களுக்கு எலும்புக்குப் பரவின கேன்சரில ஒப்பரேஷன் பெரும்பாலும் நோயை மாத்த இல்ல, நடக்க வைக்க. தொடை எலும்பு பாதி அரிபட்டு முறியப் போற நிலையில இருந்தா, முறிய முதலே உள்ளுக்கு ஒரு நீளக் கம்பி விட்டுப் பலப்படுத்துவாங்க. முறிஞ்ச பிறகு செய்யுறதை விட அது எவ்வளவோ லேசு. "கடைசிக் கட்டம், இனி ஏன் ஒப்பரேஷன்" எண்டு கேக்கிற ஆக்கள், மிச்சக் காலத்தைக் கட்டிலில நோவோட கிடக்கிறதா, பாத்றூமுக்குத் தானே எழும்பிப் போறதா எண்டு நோயாளிட்ட கேக்கவேணும்.

கொழும்பில எப்பிடித் தொடங்குறது

நாட்டிட முக்கியமான அரச கேன்சர் ஆஸ்பத்திரி மகரகமவில இருக்கிற அபேக்ஷா, கோட்டையில இருந்து 138 பஸ் அந்தப் பக்கம் போகுது. சின்னப் பிள்ளை எண்டா பொரளை லேடி ரிஜ்வே, பெரியாக்களுக்கு எலும்புப் பிரச்சினையை முதல்ல பாக்க தேசிய வைத்தியசாலை. தனியார் ஆஸ்பத்திரியில சனல் பண்ணிப் பாக்கிறதும் பிழை இல்ல, ஆனா முதல் டொக்டரிட்டயே ஒரு கேள்வி கேளுங்க: "பயொப்சியை யார் செய்யுறது, பிறகு பெரிய ஒப்பரேஷனைச் செய்யப்போறது அதே டீமா?" பதில் தடுமாறினா, எலும்புக் கேன்சர் பாக்கிற இடத்துக்கு ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேளுங்க, அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல. சிங்களம் விளங்கிறது கஷ்டம் எண்டா கிளினிக்குக்கு சிங்களம் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்க, மார்ஜின், கீமோ, உலோக மூட்டு எண்ட கதையெல்லாம் அரைகுறையா விளங்கிக்கொண்டு வீட்டை வந்தாத்தான் சொந்தக்காரரிட அந்த நாலு கோலும் வேலை செய்யத் தொடங்கும். உலோக மூட்டு எண்டா எங்க இருந்து வருது, எவ்வளவு நாள் எடுக்கும், காசு யார் குடுக்கிறது எண்டதையும் கீமோ தொடங்கைக்கயே கேட்டு வைங்க.

ஒப்பரேஷன் முடிஞ்சு பிசியோ செஞ்சு நடக்கத் தொடங்கினாலும் கிளினிக் விடாது. முதல் ரெண்டு வருஷம் ஏறக்குறைய மூண்டு மாசத்துக்கு ஒருக்கா காலுக்கும் நெஞ்சுக்கும் படம், பிறகு அஞ்சு வருஷம் மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா, அதுக்குப் பிறகு வருஷத்துக்கு ஒருக்கா. நுரையீரலில ஒண்டு ரெண்டு சின்னக் கட்டி வந்தாலும் வேளைக்குக் கண்டா அதையும் வெட்டி எடுத்துத் தப்பின ஆக்கள் இருக்கிறாங்க, அதால பிள்ளை நல்லா ஓடித் திரியுது எண்டு நினைச்சு அந்தப் படங்களைத் தவற விடாதீங்க. பழைய எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படம், பயொப்சி ரிப்போட் எல்லாத்தையும் ஒரே பைல்ல போட்டு ஒவ்வொரு முறையும் கொண்டு போங்க, புதுப் படத்தை பழைய படத்தோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் டொக்டருக்கு மாற்றம் தெரியும்.